விழுங்கும் செல்லுக்குள் பச்சை வெளிச்சம்: ஒரு நிகழ்வு ஆய்வு

செம்மறியாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்து, அவற்றின் மேல் முயலிடமிருந்து எடுத்த எதிர்ப்பொருளைப் பூசி, சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள், வளரும் கண்ணாடித் தட்டில் சில சொட்டு விடுங்கள். தட்டு 37 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், அது முக்கியம். சிவப்பணு வந்து தொட்ட கொஞ்ச நேரத்தில், தொட்ட இடத்தைச் சுற்றி மேக்ரோஃபேஜின் சவ்வு எழும்பும். கிண்ணம் போலக் குழிந்து, சிவப்பணுவின் இரண்டு பக்கமும் ஏறி, கடைசியில் வாய் மூடிக்கொள்ளும். சில நிமிடங்கள்தான். வெளியே இருந்தது இப்போது உள்ளே, ஒரு பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்கு ஃபாகோசோம் என்று பெயர்.

இதை வெறும் நுண்ணோக்கியில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. சவ்வு எங்கே எழும்ப வேண்டும், எப்போது மூட வேண்டும், மூடிய பிறகு யாரை அழைக்க வேண்டும் என்ற கட்டளைகளெல்லாம் அந்தச் சவ்விலேயே இருக்கும் சில கொழுப்பு மூலக்கூறுகள் வழியாகத்தான் போகின்றன. அந்தக் கொழுப்புகளை உயிருள்ள நோயெதிர்ப்புச் செல்லுக்குள், நடக்கும்போதே, பச்சை வெளிச்சமாகப் பார்த்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாக அலசலாம் என்று இதை எழுதுகிறேன். டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் செர்ஜியோ கிரின்ஸ்டைன் குழு 2000, 2001 ஆண்டுகளில் வெளியிட்ட வேலை அது. இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, இருந்தாலும் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் யாரும் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான். அதைவிட, ஒளி தெரிந்தது என்பதற்காக அவர்கள் எதையும் நம்பிவிடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அரைத்துப் பார்த்த காலம்

முதலில் அந்தக் கொழுப்புகள் யார் என்று பார்த்துவிடலாம். சவ்வின் உட்பக்கத்தில் இனோசிட்டால் என்ற ஒரு சர்க்கரை வளையத்தைத் தலையாகக் கொண்ட கொழுப்பு வகை உண்டு. அந்த வளையத்தில் 3, 4, 5 என்று எண்ணிட்ட மூன்று இடங்களில் பாஸ்ஃபேட் ஏறலாம், இறங்கலாம். 4, 5 இரண்டிலும் ஏறியிருந்தால் ஆய்வகத்தில் அதை ‘பிப்-2’ என்போம். அதோடு 3லும் ஏறிவிட்டால் ‘பிப்-3’. மற்ற இரண்டும் காலியாக, 3ல் மட்டும் இருந்தால் ‘பிஐ-3-பி’. பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும், எல்லோருக்கும் குழம்புகிறது. செல்லுக்கு மட்டும் குழம்புவதே இல்லை. ஒரு பாஸ்ஃபேட் கூடினால் அதற்கு அது வேறு கட்டளை.

பிப்-2 எப்போதும் இருக்கும், வெளிச்சவ்வின் கொழுப்பில் சுமார் ஒரு சதவீதம். பிப்-3 அப்படி இல்லை. ஓய்வாக இருக்கும் செல்லில் அது கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், தூண்டினால் சில விநாடிகளில் வந்து, சில நிமிடங்களில் போய்விடும்.

இந்த வகைக் கொழுப்புகள் தூண்டுதலுக்குப் பதில் சொல்கின்றன என்பதை 1953லேயே மேபல் ஹோகின், லோவல் ஹோகின் தம்பதி கணையத் துண்டுகளில் காட்டிவிட்டார்கள். பிப்-3 முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1988ல், அதுவும் நோயெதிர்ப்புச் செல்லில்தான், தூண்டப்பட்ட நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களில். ஆனால் அந்தக் காலத்து முறை என்ன? செல்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டு, லட்சக்கணக்கான செல்களை ஒன்றாகக் கொல்லு, குளோரோஃபார்மிலும் மெத்தனாலிலும் கொழுப்பைக் கரைத்துப் பிரித்தெடு, எது எவ்வளவு என்று அள. எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கொழுப்பு செல்லின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற கேள்விக்கு அந்தச் சாற்றில் பதிலே கிடையாது. விழுங்கும் செல்லைப் பொறுத்தவரை ‘எங்கே’ என்பதுதான் முழுக் கேள்வியும். கிண்ணத்தில் பிப்-3 வந்ததா, செல்லெங்கும் வந்ததா என்று தெரியாவிட்டால் ஒன்றும் தெரியாத மாதிரிதான்.

கடன் வாங்கிய கை

கொழுப்பு ஒரு மரபணுவிலிருந்து நேரடியாக உருவாகும் பொருள் இல்லை. அதனால் புரதத்தோடு ஒட்டுவது போல, ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்ப் புரதமான ஜிஎஃப்பியைக் கொழுப்போடு ஒட்டவைக்க வழியில்லை. கொழுப்பின் மீது நேரடியாகச் சாயம் ஏற்றலாம்தான், ஆனால் தலை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது சாயமே அதன் நடத்தையை மாற்றிவிடும்.

இதற்கு வந்த தீர்வு அழகானது. செல்லுக்குள் ஏற்கெனவே இந்தக் கொழுப்புகளைத் தொட்டுப் படிக்கும் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதத்தில் கொழுப்பைப் பிடிக்கும் பகுதி மட்டும், சுமார் நூறு நூற்றிருபது அமினோ அமிலம் நீளம், அதற்கு பிஎச் டொமைன் என்று பெயர். அதை மட்டும் வெட்டியெடுத்து, ஜிஎஃப்பியோடு ஒட்டி, செல்லுக்குள் ஒரு பிளாஸ்மிட் (சின்ன டிஎன்ஏ வளையம்) வழியாக அனுப்பிவிட்டால், செல் தானே அந்த உணரியைத் தயாரித்துக்கொள்ளும். கொழுப்பு இல்லாதபோது உணரி செல்லின் உள்நீரில் பரவி மங்கலாகத் தெரியும். கொழுப்பு சவ்வில் தோன்றினால் உணரி ஓடிப்போய் அங்கே ஒட்டிக்கொள்ளும், அந்த விளிம்பு பளிச்சென்று ஆகும். உணரியின் ஒளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

1998 இதற்கு நல்ல வருஷம். அமெரிக்காவில் டோபியாஸ் மேயர் குழுவும், தமாஸ் பல்லா, பீட்டர் வார்னாய் இருவரும் தனித்தனியாக, பிஎல்சி-டெல்டா என்ற நொதியின் பிஎச் டொமைனை வைத்து உயிருள்ள செல்லில் பிப்-2வைக் காட்டினார்கள். மேயர் குழு அதே ஆண்டில் டைஅசைல்கிளிசரால் (சுருக்கமாக டிஏஜி) என்ற இன்னொரு சவ்வுக் கொழுப்புக்கு சி1 டொமைன் உணரியையும் கொண்டுவந்தது. பீட்டர் டெவ்ரியோட்ஸ் குழு, மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவில் இதேபோன்ற ஒரு டொமைன் செல் நகரும் திசையின் முனையில் மட்டும் கூடுவதைக் காட்டியது. 2000ல் ஹென்றி பூர்ன் குழு மனித நியூட்ரோஃபில் போல நடக்கும் எச்எல்-60 செல்களில் அதையே காட்டியது. ஊசிமுனையிலிருந்து கசியும் வேதிப்பொருளை நோக்கிச் செல் திரும்புகிறது, திரும்பும் பக்கத்தில் பச்சை கூடுகிறது. நோயெதிர்ப்புச் செல்லின் திசையறிவை முதல்முறை பார்த்த உணர்வு அது.

சரி, இப்போது டொராண்டோ.

கிண்ணத்தில் பிப்-2

அவர்கள் எடுத்துக்கொண்டது ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் வகை. எதிர்ப்பொருள் பூசிய துகள்களைக் கொடுத்தார்கள். பிப்-2 உணரியைப் போட்டுக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தபோது முதலில் தெரிந்தது, கிண்ணம் எழும்பும் இடத்தில் பச்சை கூடுகிறது என்பது. கிண்ணம் மூடப்போகும் நேரத்தில் தெரிந்தது அதற்கு நேர்மாறு. கிண்ணத்தின் பச்சை மங்கி, மூடி முடிக்கும்போது இல்லாமலே போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் சவ்வு அப்படியே பச்சையாக இருக்க, விழுங்கிய பையைச் சுற்றி மட்டும் இருட்டு. முதலில் ஏற்றம், பிறகு இறக்கம், இரண்டும் ஒரே இடத்தில், சில நிமிட இடைவெளியில்.

கூடவே பிப்-2வைத் தயாரிக்கும் நொதி ஏற்றத்தின்போது கிண்ணத்துக்கு வருவதையும், பிப்-2வை வெட்டும் பிஎல்சி-காமா என்ற நொதி இறக்கத்தோடு சேர்ந்து வருவதையும் காட்டினார்கள். பிஎல்சி வெட்டினால் இரண்டு துண்டு வரும். ஒன்று சவ்விலேயே தங்கும் டிஏஜி, இன்னொன்று நீரில் கரைந்து ஓடும் ஐபி3. டிஏஜி உணரியைப் போட்டால், பிப்-2 மறையும் அதே கிண்ணத்தில் அது பளிச்சென்று தோன்றியது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பிப்-2 உணரியாக எடுத்த அந்தப் பிஎல்சி-டெல்டா பிஎச் டொமைன் இரண்டு பேருக்கு விசுவாசமானது. பிப்-2வைப் பிடிக்கும், ஆனால் நீரில் ஓடும் ஐபி3யை அதைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். சோதனைக் குழாயில் அளந்தால் ஐபி3யோடான பிணைப்பு பல மடங்கு உறுதி. 1999ல் இதே டொமைனை ஐபி3 அளக்கும் கருவியாகவே ஒரு ஜப்பானியக் குழு பயன்படுத்தியது. அப்படியானால் கிண்ணத்தில் பச்சை மங்கியதற்குக் காரணம் பிப்-2 தீர்ந்துபோனதா, அல்லது பிப்-2 அங்கேயே இருக்க, புதிதாக வந்த ஐபி3 உணரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டதா?

என் வாசிப்பில், இந்தப் படங்களே இதற்குப் பாதிப் பதில் சொல்கின்றன. ஐபி3 நீரில் கரைவது, ஒரு செல்லின் குறுக்கே வேகமாகப் பரவிவிடும். அதுதான் இழுத்தது என்றால் செல்லின் சவ்வு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். மங்கியது கிண்ணம் மட்டும்தான். ஒட்டினாற்போல இருக்கும் சவ்வு மங்கவில்லை. மீதிப் பதிலை டிஏஜி உணரி தருகிறது. வெட்டு நடந்தது என்பதை வேறொரு கருவி, வேறொரு மூலக்கூறைப் பார்த்து, அதே இடத்தில் உறுதி செய்கிறது. ஒரு உணரியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

சரி, எதற்காக ஏற்றி இறக்க வேண்டும்? பிப்-2 இருக்கும் இடத்தில் ஆக்டின் என்ற புரத இழைகள் கட்டப்படும், அந்த இழைகள்தான் சவ்வைத் தள்ளிக் கிண்ணமாக எழுப்புகின்றன. ஆனால் கட்டிய சாரத்தைப் பிரிக்காமல் கிண்ணத்தின் அடியை உள்ளே இறக்க முடியாது. 2005ல் அதே குழு இதைத் தலைகீழாகச் சோதித்தது. பிப்-2 தயாரிக்கும் நொதியை அளவுக்கு மீறிக் கொடுத்து, கிண்ணத்தில் பிப்-2 குறையவிடாமல் செய்தார்கள். விழுங்கல் தடைபட்டது. ஆக இறக்கம் என்பது வேலை முடிந்த பிறகு நடக்கும் சுத்தப்படுத்தல் இல்லை, அது வேலையின் ஒரு பகுதி.

பிப்-3 ஏன் வெளியே சிந்தவில்லை

2001 கட்டுரை பிப்-3 பற்றியது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

பிப்-2வின் மேல் மூன்றாவது பாஸ்ஃபேட்டை ஏற்றுவது பிஐ3-கைனேஸ் என்ற நொதி. அதைத் தடுக்க வொர்ட்மானின் என்ற பூஞ்சைப் பொருள் உண்டு. அதைக் கொடுத்தால் விநோதமான ஒன்று நடக்கும் என்பது 1990களிலேயே தெரியும். கிண்ணம் எழும்புகிறது, ஆனால் மூடுவதில்லை. சின்னத் துகளை மேக்ரோஃபேஜ் அப்போதும் விழுங்கிவிடும், பெரியதைக் கொடுத்தால் பாதி வாய் திறந்தபடி நின்றுவிடும். பிப்-3 பெரிய துகள்களுக்கு ஏன் தேவை என்பதற்கு 2015ல்தான் கிரின்ஸ்டைன் குழுவிலிருந்து தெளிவான பதில் வந்தது. ஆக்டின் கட்டுமானத்தை முடுக்கிவிடும் ராக், சிடிசி42 என்ற சுவிட்சுகளை அணைக்கும் புரதங்களைக் கிண்ணத்தின் அடிக்கு அழைத்து வருவது பிப்-3தான். அணைக்காவிட்டால் அடியில் சாரம் பிரியாது, முன்விளிம்புக்குத் தேவையான ஆக்டின் விடுபடாது.

2001க்குத் திரும்புவோம். பிப்-3 பார்க்க அவர்கள் ஒன்றல்ல, மூன்று உணரிகளைப் போட்டார்கள். ஆக்ட், பிடிகே, காப்1 என்ற மூன்று வெவ்வேறு புரதங்களின் பிஎச் டொமைன்கள். ஏன் மூன்று? ஆக்ட் புரதத்தின் டொமைன் பிப்-3யையும் பிடிக்கும், 3லும் 4லும் மட்டும் பாஸ்ஃபேட் உள்ள அதன் தம்பியையும் பிடிக்கும். பிடிகேயின் டொமைன் பிப்-3க்கு அதைவிட நெருக்கமானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம் இல்லை. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

மூன்றும் ஒரே கதையைத்தான் சொன்னன. தூண்டாத செல்லில் ஒன்றுமில்லை. துகள் தொட்டதும் கிண்ணத்தில் பச்சை, அதுவும் கத்தியால் வெட்டினது போன்ற எல்லையோடு. கிண்ணத்தின் விளிம்பு வரை வெளிச்சம், ஒட்டிய சவ்வில் இருட்டு. மூடி முடித்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது.

கொழுப்பு என்பது எண்ணெய் போல வழுக்கி ஓடக்கூடியது. சவ்வுக்குள் ஒரு கொழுப்பு மூலக்கூறு விநாடிக்கு ஒரு சதுர மைக்ரோமீட்டர் என்ற அளவில் பரவுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மைக்ரோமீட்டர் தூரத்தை, அதாவது ஒரு கிண்ணத்தின் குறுக்களவை, அது சுமார் ஆறேழு விநாடியில் கடந்துவிடும். கிண்ணமோ நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. அப்படியானால் பிப்-3 எப்போதோ வெளியே சிந்தி செல் முழுக்கப் பரவியிருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியை அவர்கள் தாண்டிப் போகவில்லை. சவ்வின் உள்ளடுக்கில் மிதக்கும் ஒரு ஒளிர்ப்பொருளை எடுத்து, கிண்ணத்தின் ஒரு பகுதியில் மட்டும் லேசரால் அதன் ஒளியை எரித்து அழித்துவிட்டு, பக்கத்திலிருந்து புதிய ஒளிர் மூலக்கூறுகள் வந்து அந்த இருட்டை எவ்வளவு வேகமாக நிரப்புகின்றன என்று அளந்தார்கள். சாதாரணச் சவ்வைவிடக் கிண்ணத்தில் நிரம்புவது வெகுவாகத் தாமதமானது. விழுங்கும் ஏற்பிகள் தூண்டப்பட்டதும் கிண்ணத்தின் உள்ளடுக்கில் கொழுப்புகளின் ஓட்டமே தளர்ந்துவிடுகிறது. பிப்-3 சிந்தாததற்கு அது ஒரு காரணம்.

அணைவதற்கு இரண்டு காரணம் சொன்னார்கள். கிண்ணம் மூடியதும் தயாரிக்கும் நொதி விலகிவிடுகிறது. பாஸ்ஃபேட்டை இறக்கும் நொதிகளோ விலகுவதில்லை, அங்கேயே தங்குகின்றன. குழாயை மூடிவிட்டு வடிகாலைத் திறந்தே வைத்திருப்பது மாதிரி. தொட்டி காலியாக எவ்வளவு நேரம் ஆகும்?

எரியும் விளிம்பு எல்லாம் உண்மையில்லை

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்த வேலையைப் பழகிய முதல் மாதங்களில் ஒரு மேக்ரோஃபேஜின் ஓரத்தில் அருமையான பச்சை வளையம் ஒன்று கிடைத்தது. பிப்-3 உணரி போட்ட செல், தூண்டி நாற்பது விநாடி, கிண்ணத்தின் விளிம்பு மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு பிரகாசம். அன்று இரவு முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, “செவப்பு சேனல் எங்கப்பா?” என்று மட்டும் கேட்டார். அதே செல்லில் வெறுமனே சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கொழுப்பையும் தேர்ந்தெடுக்காத, சிவப்பு ஒளிர்ப் புரதம் ஒன்றும் போட்டிருந்தோம். அதைத் திறந்து பார்த்தால் அதே விளிம்பு சிவப்பிலும் இரண்டு மடங்கு பிரகாசம். பச்சையைச் சிவப்பால் வகுத்தபோது விளிம்பு மற்ற இடத்தோடு சமமாகிவிட்டது. அங்கே பிப்-3 கூடவில்லை. சவ்வு கூடியிருந்தது.

காரணம் எளிது. நம் நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரம் பக்கவாட்டில் சுமார் 200 முதல் 250 நானோமீட்டர், மேல் கீழாக அதைவிட இன்னும் மோசம். சவ்வின் தடிமனோ ஐந்து நானோமீட்டர் அளவு. புடவைக் கொசுவம் போலச் சவ்வு மடிந்து மடிந்து நின்றால், பத்து மடிப்பும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும், பத்து மடங்கு பிரகாசமாக. விழுங்கும் செல்லின் விளிம்பு மடிப்புகளாலேயே ஆனது. அதனால் ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரணச் சவ்வு அடையாளம் இல்லாத படத்தை நான் இப்போதெல்லாம் படமாகவே கருதுவதில்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. உணரி என்பது வெறும் பார்வையாளர் இல்லை, கொழுப்பைக் கையால் மூடிக்கொண்டு நிற்கும் ஆள். செல் உணரியை அதிகமாகத் தயாரித்துவிட்டால், பிப்-3யைப் படிக்க வேண்டிய நிஜப் புரதங்களுக்கு இடமே கிடைக்காது. மிகப் பளிச்சென்று இருக்கும் செல்லைத்தான் கண் தேடும், ஆனால் அந்தச் செல்தான் விழுங்கத் திணறிக்கொண்டிருக்கும். மங்கலான செல்லைத் தேர்ந்தெடு, கேமராவின் நேரத்தைக் கூட்டு, லேசரைக் குறை. படம் கொஞ்சம் மணல் மணலாக வரும், வரட்டும். இன்னொரு கோணத்திலும் இதே விஷயம் வரும். நிஜப் புரதங்கள் ஏற்கெனவே பிடித்து மூடியிருக்கும் கொழுப்பை உணரியால் பார்க்கவே முடியாது. அது காட்டுவது காலியாக இருக்கும் கொழுப்பை மட்டும்தான். ஆகவே இருட்டாக இருக்கும் இடத்தில் கொழுப்பே இல்லை என்று எழுதுவதற்குக் கை நடுங்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு ஒப்பீடு இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனது கனக்கும். பிடிகேயின் பிஎச் டொமைனில் 28வது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பிப்-3யின் பாஸ்ஃபேட்டைப் பிடிக்கும் பள்ளத்தில் அது ஒரு விரல். அதை சிஸ்டீனாக மாற்றிவிட்டால் டொமைன் பிப்-3யைப் பிடிக்காது, ஒளி மட்டும் இருக்கும். அப்படி மாற்றிய உணரியும் கிண்ணத்தில் கூடினால், நாம் பார்ப்பது பிப்-3 இல்லை என்று அர்த்தம். பல்லா குழு 1999ல் பிடிகே டொமைனை வைத்துச் செய்தபோது இந்த மாற்றத்தைத்தான் ஒப்பீடாக வைத்தது, மாற்றிய டொமைன் சவ்வுக்கு நகரவில்லை.

ஆனால் அந்த மாற்றத்தை யாரும் ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எக்ஸ்ஐடி என்ற ஒரு வகைச் சுண்டெலி, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் சரியாக வேலை செய்யாத பிறவிக் குறையோடு இருந்தது. 1993ல் அதன் காரணத்தைத் தேடியபோது கிடைத்தது இதே 28வது எழுத்தின் மாற்றம். மனிதரில் அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு எதிர்ப்பொருளே உருவாகாத நோய் வரும். ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1952ல் ஒரு சிறுவனிடம் அதை முதன்முதலில் விவரித்தார், பிடிகே என்ற பெயரில் முதலெழுத்து அவருடையதுதான். ஒரு உயிரின் உடலில் கை உடைந்துபோன இடத்தைத்தான் நாம் ஒப்பீட்டுக் கருவியாக எடுத்துவந்து தட்டில் போடுகிறோம்.

மூடிய பிறகு

கிண்ணம் மூடி, பிப்-2 போய், பிப்-3 போய், பை உள்ளே இறங்கிய பிறகு கதை முடியவில்லை. சுமார் ஒரு நிமிடத்தில் பையின் சவ்வில் புதிய கொழுப்பு வருகிறது, பிஐ-3-பி. இதற்கு உணரி வேறு, எஃப்ஒய்விஇ என்ற டொமைன். தயாரிப்பதும் வேறு நொதி, விபிஎஸ்34. சுமார் பத்து நிமிடம் ஒளிர்ந்துவிட்டு அதுவும் அணைகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் பை முதிர்ந்து, அமிலமும் செரிக்கும் நொதியும் உள்ள லைசோசோமோடு சேரும் பாதைக்கு வந்துவிடும்.

காசநோய்க் கிருமி கைவைப்பது இங்கேதான். மேக்ரோஃபேஜ் அதை விழுங்கத்தான் செய்கிறது, ஆனால் செரிப்பதில்லை. கிருமி பைக்குள்ளேயே குடியிருக்கிறது. அமெரிக்காவில் வோஜோ டெரெடிக் குழு 2000களின் முதல் பாதியில் பிஐ-3-பி உணரியை வைத்து இதைத் தொடர்ந்து பார்த்தது. செத்த கிருமி உள்ள பையில் பிஐ-3-பி தங்குகிறது. உயிருள்ள கிருமி உள்ள பையில் தங்குவதில்லை, வருவது தொடர்ந்து அழிக்கப்படுகிறது. 2005ல் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு கையையும் காட்டினார்கள். கிருமி வெளியே விடும் சாப்-எம் என்ற நொதி, பிஐ-3-பியிலிருந்து பாஸ்ஃபேட்டைக் கழற்றிவிடுகிறது. பை முதிர வேண்டும் என்ற கட்டளை எழுத எழுத யாரோ அழித்துக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே இருட்டுக்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அதே சோதனையில் செத்த கிருமியின் பை பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கிறது, தவிர நொதியும் தனியாகக் கையில் பிடிபட்டிருக்கிறது. இப்படி நிரூபிக்கப்பட்ட இருட்டை நான் நம்புவேன்.

பிஐ-3-பியைப் பிடிக்கும் இன்னொரு டொமைன் பி40ஃபாக்ஸ் என்ற புரதத்தில் இருக்கிறது, பிஎக்ஸ் டொமைன் என்பார்கள். அதோடு ஜிஎஃப்பியை ஒட்டி நாங்கள் உணரியாகவே பயன்படுத்துகிறோம், எஃப்ஒய்விஇ போலவே நன்றாக வேலை செய்யும். நியூட்ரோஃபில்லில் அந்தப் புரதத்தின் நிஜ வேலை, விழுங்கிய பையில் பிஐ-3-பியைத் தொட்டு, கிருமியைக் கொல்லும் ஆக்ஸிஜன் சேர்மங்களை உள்ளே உற்பத்தி செய்யும் நொதிக் கூட்டத்தைத் தூண்டிவிடுவது. 2009ல் ஒரு சிறுவனைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது, பெருங்குடலில் அழற்சியோடு வந்தவன். அவனுக்கு பி40ஃபாக்ஸ் மரபணுவின் ஒரு பிரதி பாதியிலேயே உடைந்திருந்தது, இன்னொரு பிரதியில் 105வது இடத்து ஆர்ஜினின் குளூட்டமினாக மாறியிருந்தது. பிஐ-3-பியைப் பிடிக்கும் விரல்களில் அது ஒன்று. அவனுடைய நியூட்ரோஃபில்கள் செல்லுக்கு வெளியே ஆக்ஸிஜன் சேர்மங்களைக் கிட்டத்தட்ட இயல்பாகவே விட்டன. விழுங்கிய பைக்குள் மட்டும், கிருமி உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் மட்டும், உற்பத்தி பெரிதும் குறைந்திருந்தது.